முதல் நூறு வாசகர்கள்: சொந்தமாக நூல் வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் நாவலின் 500 பிரதிகள் அச்சகத்திலிருந்து பார்சல் சர்வீஸில் வந்து இறங்கிய அன்று, அவற்றை வீட்டில் எங்கே அடுக்குவது என்பதைத் தவிர வேறெதையும் நான் யோசித்திருக்கவில்லை. வெளியீட்டு விழாவில் 62 பிரதிகள் போயின. அடுத்த ஆறு மாதங்களில் 11. புத்தகம் சரியில்லையோ என்று நெடுநாள் மனம் சோர்ந்திருந்தேன். ஆனால் ஒரு வரிகூட மாறாத அதே நாவல், நான் வேறு வழியில் முயலத் தொடங்கியபின் ஒன்றரை ஆண்டில் தீர்ந்து, மறு அச்சுக்கும் போனது. இடைப்பட்ட காலத்தில் கற்றுக்கொண்டவற்றை, பதிப்பகத்தின் துணையின்றிச் சொந்தக் காசில் புத்தகம் போடுகிற தமிழ் எழுத்தாளர்களுக்குப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயர்பெற்ற பதிப்பகத்தின் நூலைக் கடைக்காரர் பதிப்பகத்தை நம்பி வாங்குகிறார், வாசகர் கடைக்காரரை நம்பி வாங்குகிறார். சொந்தப் பதிப்பில் வரும் நூலுக்கு அந்தச் சங்கிலி கிடையாது. அதை ஈடுசெய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: படித்து முடித்த ஒருவர் இன்னொருவரிடம் "இதைப் படிச்சிருக்கியா?" என்று கேட்பது. ஆகவே விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆயிரக்கணக்கானோரை நினைக்காமல், இந்த நூலுக்கே உரிய முதல் நூறு பேரைப் பெயரோடும் ஊரோடும் தெரிந்துகொள்வதையே முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். உறவினரையும் அலுவலக நண்பர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் அன்பினால் வாங்குவார்கள். படித்தே ஆகவேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்கும் சுமை, நமக்கும் ஏமாற்றம்.

அச்சுக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை

விளம்பரத்தின் பாதி வேலை புத்தகத்தின் மேலேயே நடக்கிறது. பின்னட்டைக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். சென்னிமலை நெசவாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய என் நாவலுக்கு நான் முதலில் எழுதியிருந்த குறிப்பு இது: "மனித உறவுகளின் மேன்மையையும் வாழ்வின் வலிகளையும் உயிரோட்டமான நடையில் சித்திரிக்கும் இந்நாவல் தமிழுக்குப் புதிய வரவு." இந்த வாக்கியத்தை எந்த நாவலின் பின்னட்டையில் ஒட்டினாலும் பொருந்தும், எதைப் பற்றிய கதை என்று வாசகருக்கு ஒரு துளியும் தெரியாது. மறு அச்சில் அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: "சென்னிமலையில், விசைத்தறிக்கு மாறிவிட்ட அண்ணனும், குழித்தறியை விட்டு எழ மறுக்கும் தம்பியும் ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்புகிறார்கள். அண்ணன் பக்கத்து இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பாட்டி, சுவருக்கு அப்பால் தம்பியின் தறி நின்றுபோகும் கணத்தை மட்டும் தவறாமல் கண்டுகொள்கிறாள்." ஊர், தொழில், சிக்கல், ஒரு முகம் ஆகிய நான்கும் ஐந்து வரிக்குள் வந்துவிட்டன. உங்கள் நூல் கட்டுரைத் தொகுப்பானாலும் சமையல் நூலானாலும், படிப்பவர் அதிலிருந்து எதைப் பெறுவார் என்பதைப் பெயர்ச்சொற்களால் சொல்லுங்கள். 'அற்புதமான', 'உன்னதமான' போன்ற அடைமொழிகளை வாசகர்கள் வழங்கட்டும். நன்றாக அமைந்துவிட்ட இந்த ஐந்து வரிகள் பின்னட்டையில் மட்டுமின்றி அழைப்பிதழ், வாட்ஸ்அப் செய்தி, இணையக் கடையின் விவரக்குறிப்பு, மதிப்புரைக்கு அனுப்பும் கடிதம் என எல்லா இடங்களிலும் உங்களுக்காகப் பேசும் என்பதால், ஒரு வாரம் செலவானாலும் தகும்.

வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை, நன்றியுரை என்று வரிசையாக வைப்பது நம் வழக்கம். பெரியவர்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்ததை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் கடையில் நின்றபடி புத்தகத்தைப் புரட்டுபவருக்கு முப்பது பக்கம் தாண்டித்தான் கதை தொடங்குகிறது என்றால் புத்தகம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒரு முன்னுரையை முன்னால் வைத்துவிட்டு மற்றவற்றைப் பின்னால் கொண்டுபோங்கள். மின்னூலில் இது இன்னும் முக்கியமாகிறது. அமேசானின் மின்னூல் கடையான கிண்டில், மாதிரிப் பக்கங்களாகப் புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இலவசமாகக் காட்டும். அந்தப் பங்கு முழுவதும் அணிந்துரைகளே நிரம்பியிருந்தால், உங்கள் எழுத்தில் ஒரு பத்தியைக்கூடப் பார்க்காமலே வாசகர் முடிவெடுக்க நேரிடும்.

ஐஎஸ்பிஎன் எனப்படும் சர்வதேச நூல் அடையாள எண்ணை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. நூலாசிரியர் தம் பெயரிலேயே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். எண் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் அட்டை வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

முன்வெளியீட்டுத் திட்டம்

அச்சுக்கு முன்பே வாசகரைச் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நூலை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்த்துக்கொண்டுதான் அச்சு வேலையில் இறங்கினார். இன்று நாம் முன்வெளியீட்டுத் திட்டம் என்று சொல்வதும் அதே கையொப்பம்தான். காகிதத்துக்குப் பதிலாகக் கூகுள் ஃபார்ம், கையில் பணம் வாங்குவதற்குப் பதிலாக யுபிஐ.

நடைமுறை எளிது. நூல் வெளிவருவதற்கு ஒரு மாதத்துக்கு முன், குறைத்த விலையில் முன்பதிவை அறிவியுங்கள். விலை, அனுப்பும் தேதி, முதல் அத்தியாயம் ஆகிய மூன்றும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவற்றோடு "இந்தப் புத்தகத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். என் இரண்டாவது நூலுக்கு வந்த 140 முன்பதிவுகளில் பெரும்பகுதி, முதல் நூலைப் படித்தவர்களும் அவர்கள் சொல்லி வந்தவர்களும்தான் என்பதை அந்த ஒரு கேள்வியே எனக்குக் காட்டிக்கொடுத்தது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். தாமதமானால் காரணத்தை உடனே ஒவ்வொருவருக்கும் தெரிவியுங்கள். பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவரின் நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்ப வருவதில்லை.

இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை பிரதி அச்சிடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 50, 100 பிரதிகள்கூட இன்று போட முடிகிறது. பிரதி ஒன்றுக்கான செலவு கூடினாலும் விற்காத கட்டுகள் வீட்டை அடைப்பதில்லை. நான் முதலில் 500 போட்டது தவறு. முன்பதிவு எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கணக்கு

விலை வைக்கும்போதே விற்கும் வழியையும் கணக்கில் கொள்ள வேண்டும். 240 பக்க நூலுக்கு 250 ரூபாய் விலை, பிரதி ஒன்றுக்கு அச்சுச் செலவு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவில் கொடுத்தால் கைக்கு வருவது 150 ரூபாய். அச்சுச் செலவு போக 60. அதுவும் விற்ற பிறகே வரும், பல மாதங்கள் கழித்தும் வரலாம். நீங்களே 10 சதவீதம் தள்ளி நேரடியாக அனுப்பினால் 225 ரூபாய். அச்சு, அஞ்சல், உறை எல்லாம் போக ஏறத்தாழ 100 ரூபாய் நிற்கும், பணமும் அன்றே வந்துவிடும். அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரையிலான புத்தகத்துக்கு அடிப்படைக் கட்டணம் 20 ரூபாய், வரி தனி. நூலில் பதிப்பாளர் பெயரோ அச்சகத்தார் பெயரோ அச்சாகியிருக்க வேண்டும். பார்சலை ஒட்டுமுன் உள்ளே கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரையும் பிழையில்லாமல் எழுதுங்கள். அந்தக் கையெழுத்துக்காகவே நேரடியாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

சமூக ஊடகம்: நூலைப் பற்றியல்ல, நூலின் பொருளைப் பற்றி

ஆறு மாதங்களாக என் ஃபேஸ்புக் பக்கத்தில் அட்டைப்படத்தையும் வாங்கும் இணைப்பையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வாழ்த்துகள் வந்தன, வாங்கியவர் அரிது. பிறகு ஒருநாள், விடியற்காலையில் தெருவில் பாவு (தறியின் நெடுக்கு இழைகள்) நீட்டிக் கஞ்சி போடுவதை, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்று வீட்டிலிருக்கும் எல்லோரும் ஓடுவதை, அறுந்த இழையை என் அம்மா எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்ப்பதைப் பற்றி இருநூறு சொற்களில் எழுதினேன். புத்தகத்தின் பெயரையே அதில் குறிப்பிடவில்லை. காஞ்சிபுரத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றி மறுமொழியில் எழுதத் தொடங்கினார்கள், அவர்களில் ஒருவர் "இதைப் பற்றி வேறெதுவும் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அந்த வாரம் மட்டும் 19 பிரதிகள் அனுப்பினேன்.

உங்கள் நூல் எந்த உலகத்தைச் சேர்ந்ததோ, அந்த உலகத்து மனிதர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று தேடுங்கள். சித்த மருத்துவ நூலின் வாசகரும் அறிவியல் புனைகதையின் வாசகரும் ஒரே குழுவில் இருக்கமாட்டார்கள். குழுவில் சேர்ந்தவுடன் இணைப்பைப் போடாதீர்கள். மற்றவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றவர்களின் நூல்களைப் படித்து எழுதுங்கள். இளையவர்களுக்கு இன்ஸ்டாகிராமும், நூல்களை அறிமுகம் செய்யும் யூடியூப் சேனல்களும் நெருக்கம். அங்கே ஒரு பக்கத்தை உங்கள் குரலிலேயே ஒன்றரை நிமிடம் படித்துப் போடலாம். வட்டாரப் பேச்சு நிறைந்த நூலுக்கு இது நன்றாகவே எடுபடுகிறது.

வாட்ஸ்அப்பில் தெரியாதவர்களைக் குழுவில் இழுத்துப் போடுவது உறவையே கெடுக்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் அதைவிட நாகரிகமானது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதால், புத்தகத்தோடு வைக்கும் சிறு அட்டையில் எண்ணைச் சேமித்துக்கொள்ளுமாறு கேட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் அனுப்ப வேண்டாம்.

மின்னூல்

அமேசானின் கேடிபி தளத்தில் தமிழ் மின்னூல்களைச் செலவில்லாமல் வெளியிடலாம். வெளிநாடுகளில் இருக்கும் தமிழர்களுக்கு அச்சு நூலை அனுப்பும் செலவு நூலின் விலையையே மிஞ்சிவிடுவதால், அவர்களைச் சென்றடைய இதுதான் வசதியான வழி. இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 சதவீத உரிமத்தொகை வேண்டுமெனில் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும். இல்லையெனில் 35 சதவீதமே கிடைக்கும். அதில் சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது. முன்பு உங்கள் வலைப்பூவிலோ தொடர்கதைச் செயலிகளிலோ வெளியிட்டிருந்தால் அதை நீக்கிவிட்டுத்தான் சேர வேண்டும். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை.

அந்த 90 நாள்களில் 5 நாள்கள் நூலை இலவசமாகத் தரலாம். இதைப் பலர் வெளியான மறுநாளே செலவழித்துவிடுகிறார்கள். தரவிறக்க எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் இலவசமாக எடுத்தவற்றில் பெரும்பாலானவை திறக்கப்படுவதே இல்லை. இரண்டாவது நூல் வெளியாகும் வாரத்தில் முதல் நூலை இலவசமாகக் கொடுத்தால், படித்துப் பிடித்தவர் அடுத்து வாங்க ஒன்று இருக்கும். தேடுசொற்களுக்கான ஏழு கட்டங்களையும் நிரப்புங்கள். தமிழ் நூலைத் தேடுபவர்களும் கைபேசியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுகிறார்கள் என்பதால் இரண்டு எழுத்துகளிலும் தேடுசொற்கள் இருக்க வேண்டும். குடும்பத்தாரையும் நெருங்கிய நண்பர்களையும் விமர்சனம் எழுதச் சொல்லாதீர்கள். அமேசானின் விதி அதை அனுமதிப்பதில்லை. நூலின் கடைசிப் பக்கத்தில், "படித்து முடித்துவிட்டீர்கள், நிறையோ குறையோ இரண்டு வரி எழுதினால் நன்றியுடையவனாவேன்" என்று ஒரு வேண்டுகோளை வைத்துவிட்டால் போதும்.

மதிப்புரையும் கூட்டங்களும்

இதழ்களுக்கு மதிப்புரைக்காக இரண்டு பிரதிகள் அனுப்புவது நெடுங்கால வழக்கம். எல்லா இதழ்களுக்கும் அனுப்பித் தீர்த்துவிடாமல், உங்கள் வகை நூல்களை அந்த இதழ் எப்போதாவது கவனித்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். 'வரப்பெற்றோம்' பகுதியில் பெயரும் விலையும் வந்தாலே அதைப் பார்த்து ஓரிருவர் அழைப்பார்கள். தொடர்பு எண்ணை முதல் பக்கத்திலேயே தெளிவாக அச்சிட்டிருங்கள்.

வெளியீட்டு விழாவைவிட அறிமுகக் கூட்டம் பயன் தரும் என்பதை அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். விழாவுக்கு மண்டபம், பதாகை, பொன்னாடை, சிற்றுண்டி என்று செலவு ஏறுகிறது. பேச வந்தவர்களில் பாதிப் பேர் நூலைப் படித்திருக்கமாட்டார்கள். பல ஊர் நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைகள் நூல் அறிமுகக் கூட்டங்களை நடத்துகின்றன. கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்னதாக ஐந்து பிரதிகளைக் கொடுத்து, படித்த ஐந்து பேரை மட்டும் பேசவிடுங்கள். இருபது பேர்தான் வந்தார்கள் என்றாலும், அந்த இருபது பேரும் நூலின் உள்ளடக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். குறை சொன்னவரிடம் விளக்கம் சொல்லத் தொடங்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

புத்தகக் காட்சி

சென்னையில் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. ஆகஸ்டில் ஈரோடு, அதுபோக மதுரை, கோவை என்று பல நகரங்களிலும் இன்று திருவிழாக்கள் நடக்கின்றன. மாவட்ட நிர்வாகங்களும் நடத்துகின்றன. ஒரே நூலை வைத்துக்கொண்டு அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் கழிவுக்குப் பத்துப் பிரதிகளை வைக்கச் சொல்லலாம். சில மாவட்டங்களில் உள்ளூர் படைப்பாளர்களுக்கென்றே ஓர் அரங்கை ஒதுக்குகிறார்கள். காட்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே மாவட்ட மைய நூலகத்தில் விசாரித்துவிடுங்கள். எங்கே வைத்தாலும் கொடுத்த பிரதிகளின் எண்ணிக்கை, கழிவு விகிதம், கணக்கு முடிக்கும் தேதி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். நட்பு கெடாமலிருக்க இதுவே வழி.

அப்படியொரு திருவிழாவில் நண்பரின் அரங்கில் நின்றிருந்தபோது, வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் என் நூலின் அட்டைப்படத்தில் இருந்த தறி நாடாவை (குறுக்கு இழையைக் கொண்டுசெல்லும் கருவி) பார்த்துவிட்டு நின்றார். "ஏனுங்க, இது குழித்தறிங்களா?" என்றார். ஆமாம் என்றேன், மேலே எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பக்கத்தை விரல் வைத்து நின்றபடியே படித்தார். அதுவரை வருகிறவர்களிடமெல்லாம் முந்திக்கொண்டு கதையைச் சொல்லிக்கொண்டிருந்த நான், அன்றுதான் வாய்மூடி நிற்கக் கற்றேன். இரண்டாம் பக்கம் திருப்பியதும் விலையைப் பார்த்தார், வாங்கினார். இரண்டு நாள் கழித்துத் தம் தெருவிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்தார். பிறகு தம் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுப்பதற்கென்று 10 பிரதிகள் கேட்டு அழைத்தார். அவர் இதற்குமுன் வாங்கிய நாவல் எதுவும் இல்லையாம்.

நூலகங்கள், பரிசுகள்

தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பொது நூலக இயக்ககம் நூல் கொள்முதலுக்கான அறிவிப்பை வெளியிடும்போது உரிய காலத்துக்குள் விண்ணப்பியுங்கள். கிடைத்தால் ஒரே ஆணையில் நூற்றுக்கணக்கான பிரதிகள் போகலாம். ஆனால் அதை நம்பி முன்கூட்டியே அச்சிட்டுவிடாதீர்கள். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாள்களுக்குள் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தப் பதிப்பில் அந்தப் பதிப்பாளர் நீங்கள்தான். தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் பல வகைப்பாடுகளில் சிறந்த நூல்களைத் தேர்ந்தெடுத்து எழுதியவருக்கும் பதிப்பித்தவருக்கும் பரிசளிக்கிறது. அதற்கும் தவறாமல் அனுப்புங்கள்.

பணம் கேட்பவர்கள்

நூல் வெளியான செய்தி பரவியதும், குறிப்பிட்ட தொகை கட்டினால் ஆயிரம் பிரதிகள் விற்றுத் தருவதாகவும் விருது வாங்கித் தருவதாகவும் அழைப்புகள் வரும். அப்படி ஒரு நிறுவனத்திடம் 15,000 ரூபாய் கட்டினேன். என் அட்டைப்படத்தை அவர்களுடைய பக்கத்தில் நான்குமுறை போட்டார்கள். கேடயம் ஒன்றைத் தபாலில் அனுப்பினார்கள். ஒரு பிரதிகூட அதனால் விற்றதற்கு அடையாளமில்லை. அதே தொகைக்கு 70 பிரதிகளை, இந்நூலை உண்மையாகவே படிக்கக்கூடிய 70 பேருக்கு அன்பளிப்பாக அனுப்பியிருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது. ஃபேஸ்புக்கில் நாமே நேரடியாக விளம்பரம் கொடுப்பது வேறு. அதில் 500 ரூபாய்க்குச் சோதித்துப் பார்த்து, விசாரித்தவர்கள் எத்தனை, வாங்கியவர்கள் எத்தனை என்று எண்ணிவிட்டு மேலே போகலாமா என்று முடிவுசெய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். வாங்கியவர் பெயர், ஊர், தேதி, யார் சொல்லி வந்தார், படித்துவிட்டு என்ன சொன்னார் என்று ஐந்து கட்டங்கள் போட்டு அன்றன்றே எழுதிவிடுங்கள். அனுப்பி ஆறு வாரம் கழித்து, "புத்தகம் வந்து சேர்ந்ததா, படிக்க நேரம் கிடைத்ததா?" என்று ஒருமுறை மட்டும் கேளுங்கள். அப்படிக் கேட்டதில்தான் பரமக்குடி வாசகர் ஒருவர், 87-ஆம் பக்கத்தில் நான் குறுக்கு இழையான ஊடையைப் பாவு என்று எழுதிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். இரண்டாம் அச்சில் அதைத் திருத்தி, முதல் பிரதியை அவருக்கே அனுப்பினேன்.